வயிற்றுவலி தீர்ந்த மன்னரின் பக்கத்தில்

சென்ற ஆண்டு துருக்கியின் அங்காராவில், ரோமப் பேரரசரைத் தெய்வமாக வழிபட்ட கோயிலின் இடிபாடுகளைப் பார்த்தேன். அங்கே பூசாரிகளின் பெயர்களைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். சிலருக்குத் தகப்பன் பெயர் உள்ளூர்க் குலத்துப் பெயர். மகன் பெயரோ, ரோமர் ஆட்சியில் அங்கே புழங்கிய கிரேக்க மொழிப் பெயர். ஆட்சியாளர்களோடு கலக்க எதையெல்லாம் விட்டார்களோ! கல்லூரியில் வரலாறு நடத்துகிற எனக்கு, நம் பக்கத்து அரசர் சிலைகளையும் பார்க்கத் தோன்றியது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். பேருந்தில் அரை மணி நேரம். அங்கிருந்து மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு ஆட்டோ, அறுபது ரூபாய். "வெரசாப் போங்க, செத்த நேரத்துல நடை சாத்திருவாவ" என்றார் ஓட்டுநர்.

தெலுங்கு பேசிய நாயக்க மன்னர் ஒருவருக்குத் தீராத வயிற்றுவலி இங்கே தீர்ந்தது என்பது ஊரார் நம்பிக்கை. அவர் சிலை கைகூப்பி நிற்கிறது. ஓர் அம்மாள் அதன் பாதத்தைத் தொட்டுத் தெலுங்கில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ராஜபாளையத்துக்காரர். பக்கத்துத் தூணில் அவர் கணவர் வயிற்றைப் பிடித்தபடி சாய்ந்திருந்தார். மில் தொழிலாளி, மறுநாள் மதுரையில் அறுவைசிகிச்சை.

"செத்துப்போன ராஜாவ எதுக்குக் கும்புடுத?" என்று எரிந்து விழுந்தார் கணவர்.

"கும்புடல. இதே வலியோட வந்து, வலி தீந்து போனவிய. நம்ம பாஷைக்காரவிய. சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கன்னு கேக்கேன்."

"சாமியிடமும் தெலுங்கில்தான் பேசுவீர்களா?" என்று கேட்டேன்.

"சாமிகிட்ட தமிழ்தான். அது அப்படியே பழகிப் போச்சு."

உச்சிக்கால மணி அடித்தது. கணவர் தூணை விட்டு மெல்ல நடந்து, மன்னரின் பக்கத்தில் போய் நின்றார். அவரும் கைகளைக் கூப்பினார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் எடுத்த கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கோயிலுக்குள் தன் உருவத்தை நிறுத்துவதும் அதிகாரம்தான்; மறுக்கவில்லை. ஆனால் அங்காராவில் குடிகள் மன்னனை அண்ணாந்து பார்த்தார்கள். இங்கே, வேற்று மொழியோடு வந்து ஆண்ட மன்னர் நோயாளிகளின் வரிசையில் நிற்கிறார்.

போகிறவர்கள் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். மதியம் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். சிலைகளைப் பார்க்க அவசரப்படாமல் ஒரு மணி நேரமாவது வேண்டும்.

அடுத்த வாரம், நான் கொடுத்துவிட்டு வந்த எண்ணுக்கு அந்த அம்மாள் போனில் அழைத்தார். "ஆப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு. இன்னைக்குக் கஞ்சி குடிச்சாவ. 'உப்பே இல்ல'ன்னு என்னைய ஏசிக்கிட்டுக் கெடக்காவ" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.