ஆனையூரில் யாரும் இருமுவதில்லை

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள ஆஸ்பத்திரிகள், கிளினிக்குகளிலிருந்து தினமும் எங்கள் அலுவலகத்துக்குக் கணக்கு வரும். எந்தப் பகுதியில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேருக்கு இருமல், எத்தனை பேருக்கு மூச்சுத்திணறல் என்று இருக்கும். எங்காவது வழக்கத்துக்கு மாறாக இருமல் கூடுகிறதா என்று பார்த்து, கூடினால் மேலே சொல்வது என் வேலை. டேட்டா சயின்டிஸ்ட் என்று அதற்குப் பெயர். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு முடித்த பிறகு என் சொந்தக்காரர்கள் வாயைத் திறந்து தொண்டையைக் காட்டுவார்கள்.

மதுரையில் இருமலைக் கணக்கெடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இங்கே இருமல் வந்தவர் முதலில் சுக்கு தட்டிப்போட்ட பருத்திப்பால் குடிப்பார். கேட்கவில்லை என்றால் மெடிக்கல் ஷாப்புக்குப் போய், போன தடவை கொடுத்த அதே மஞ்சள் மாத்திரையைக் கேட்பார். அதற்குள் வீட்டில் எல்லாருக்கும் தொற்றியிருக்கும். அப்புறம்தான் டாக்டர். அதிலும் செவ்வாய்க்கிழமை போகமாட்டார், அஷ்டமி நவமியில் போகமாட்டார், முகூர்த்த நாளில் ஏதாவது ஒரு மண்டபத்தில் இருப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மதுரையில் காய்ச்சல் வளர்பிறை தேய்பிறை பார்த்துப் பரவுகிறது என்று ஒரு படம் வரைந்து எங்கள் பிரிவுத் தலைவரிடம் காட்டினேன். அவர் மருத்துவர், சென்னைக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மறுநாளே ஒரு தினசரிக் காலண்டரை வாங்கி என் மேசைக்கு மேல் மாட்டினேன். இப்போதும் அஷ்டமி பார்க்காமல் நான் கணக்குப் போடுவதில்லை.

இந்தக் கணக்கில் பெயர் இருக்காது. போன் நம்பர், விலாசம் எதுவும் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, என்ன உபாதை, வீட்டுக்கு ஒரு ரகசிய எண், தெருப் பெயர்கூட இல்லாத வரைபடத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான் என் கண்ணுக்குத் தெரியும். பெயரும் விலாசமும் வீடு வீடாகப் போகிற சுகாதார ஆய்வாளரிடம்தான் இருக்கும். யாருடைய நோயும் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறோம்.

அம்மாவிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். டாக்டரும் இல்லாத, ஐ.டி. கம்பெனியும் இல்லாத மகளை வைத்துக்கொண்டு அவள் விசேஷ வீடுகளில் நிறையச் சங்கடப்பட்டிருக்கிறாள். ஒரு காதுகுத்தில் யாரோ என் வேலையைப் பற்றி மூன்றாவது முறையாகக் கேட்க, அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"மதுரைக்குள்ள எவன் இருமுனாலும் எம் மக கம்ப்யூட்டர்ல தெரிஞ்சுபோகும்."

பந்தியில் இருந்த பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். நாங்கள் இருப்பது ஆனையூரில். கொரோனா காலத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நோய் என்று தெரிந்ததும் தெரு முனையில் தகரம் அடித்து மூடிவிட்டார்கள். பால்காரர் தகரத்துக்கு மேலே எக்கி எக்கிப் பாக்கெட் கொடுத்ததை யாரும் மறக்கவில்லை. அந்த வீட்டுக்காரர்களோடு பல மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள் உண்டு. ஆகையால் தெருவில் எல்லாரும் கணக்குப் போட்டுக்கொண்டார்கள், அது ஆனையூர் முழுக்கப் பரவியது. இருமினால் இவளுக்குத் தெரியும், இவளுக்குத் தெரிந்தால் தகரம் வரும்.

எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது. நான் ஸ்கூட்டியை எடுத்தால் தெருவே கொஞ்சம் அமைதியாகிறது என்பதைக் கவனித்திருக்கிறேன். உத்தியோகத்துக்குத் தருகிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். எதிர்வீட்டு மாமா சுங்குடிச் சேலைக் கடை வைத்திருப்பவர். அவர்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள், எங்களோடு தமிழ். என்னை வாசலில் பார்த்துவிட்டால், திண்ணையில் தமிழில் நடந்துகொண்டிருந்த பேச்சு சட்டென்று சௌராஷ்டிரத்துக்கு மாறி வீட்டுக்குள் போய்விடும். நடுவில் ஒரு இருமல் கேட்கும். அது எந்த மொழியிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. உடனே டி.வி.யின் சத்தத்தைக் கூட்டுவார்கள். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அடுத்த மாதம் முகூர்த்தம்.

இதற்கிடையில் வரைபடத்தில் ஆனையூர் பளிங்கு மாதிரி ஆனது. சுற்றிலும் ஊரே இருமிக்கொண்டிருக்க, எங்கள் பக்கம் மட்டும் ஒரு புள்ளி இல்லை. பிரிவுத் தலைவருக்கு ஏக சந்தோஷம். இதற்கு என்ன காரணம் என்று ஆராயச் சொன்னார். நானும் காற்றின் திசை, கண்மாய், வீடுகளுக்கு இடையே உள்ள தூரம் என்று என்னென்னவோ சேர்த்து ஒரு அறிக்கை தயாரித்தேன். நானே அங்கே குடியிருப்பதால் கொஞ்சம் பெருமையாகவும் எழுதினேன். அந்த அறிக்கையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அதே சமயம் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் விளாங்குடியில் ஒரு புள்ளி வீங்கத் தொடங்கியது. ஒரு பகுதி இல்லை, ஒரு தெரு இல்லை, ஒரே ஒரு வீடு. கைக்குழந்தை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடுத்தர வயதுக்காரர்கள், கிழவர்கள் என்று அந்த ஒரு வீட்டில் வாரா வாரம் புதிதாக யாராவது இருமினார்கள். இப்படியும் ஒரு கூட்டுக்குடும்பமா என்று எங்கள் அலுவலகமே மலைத்தது.

சிரித்துக்கொண்டே இருந்திருப்போம். ஆனால் ஒரு நாள் சுகாதார ஆய்வாளர் வந்து, அந்த வீட்டு ஆட்களில் ஒருவருடைய சளிப் பரிசோதனை முடிவு வந்திருப்பதாகச் சொன்னார். காசநோய். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண். டாக்டர் சளியை வாங்கி அனுப்பியிருக்கிறார், முடிவு கேட்க அந்த ஆள் திரும்பி வரவே இல்லை. தனக்கு என்ன நோய் என்பது அவருக்கே தெரியாது. மாத்திரை ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்வார், சும்மா விட்டால் அவர் நுரையீரலும் போகும், கூட இருப்பவர்களுக்கும் தொற்றும். கொடுத்திருந்த நம்பருக்கு ஆய்வாளர் போன் போட்டால், திருமங்கலத்தில் ஒரு வாழைக்காய் வியாபாரி எடுத்து எத்தனை தார் வேண்டும் என்று கேட்கிறாராம். அந்த மனிதரை எப்படியாவது கண்டுபிடித்தாக வேண்டும். என் புள்ளி என்பதால் நானும் கிளம்பினேன்.

முகக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு ஜீப்பில் போனோம். திண்டுக்கல் ரோட்டிலிருந்து வண்டி திரும்பியபோது தெரிந்த இடம் போல இருக்கிறதே என்று நினைத்தேன். இன்னொரு தடவை திரும்பியதும் முகக்கவசத்தை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன். வண்டி நின்றது என் சித்தி வீட்டு வாசலில்.

சித்தி அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். மகன் வெளிநாட்டில். கதவைத் திறந்தவளுக்கு முகக்கவசத்துக்குள் இருந்த என்னை அடையாளம் தெரியவில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று ஆய்வாளர் கேட்டார். சித்தி கொஞ்சமும் அசரவில்லை. நிறையப் பேர் என்றாள். எங்கே எல்லாரும் என்றார். கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றாள். கைக்குழந்தையுமா என்றார். அதை மட்டும் விட்டுவிட்டா போவார்கள் என்று சித்தி திருப்பிக் கேட்டாள். ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு டம்ளர், கொடியில் ஒரே ஒரு சேலை. நான் முகக்கவசத்தைக் கழற்றினேன்.

"ஏத்தா, நீயா? இம்புட்டு நேரமும் பேசாம நிக்கிறவ? ஒங்கம்மாதான சொல்லச் சொன்னா" என்றாள் சித்தி.

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். அப்புறம் சித்தி கொடுத்த காபியைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை, அந்த மனிதருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவை உட்கார வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியாது என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. காதுகுத்துக்குப் பிறகு தெருவிலும் அக்கம்பக்கத்திலும் இருந்து ஒவ்வொருவராக வந்து, உங்கள் மகளுக்குத் தெரியாமல் டாக்டரிடம் காட்ட வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். ஓட்டையைப் போட்டவள் என்ற முறையில் அம்மாவே அடைக்கவும் முன்வந்திருக்கிறாள். விளாங்குடி கிளினிக்குக்குப் போங்கள், வாய்க்கு வந்த ஒரு பெயரையும் என் தங்கச்சி வீட்டு விலாசத்தையும் அவளுடைய பழைய போன் நம்பரையும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாள். ஷேர் ஆட்டோவில் நேராகப் போனால் யாராவது பார்ப்பார்கள் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு ஆரப்பாளையம் போய்ப் பஸ் மாறிப் போயிருக்கிறார்கள், காய்ச்சலோடு. ஆனையூரின் நல்ல காற்று இதுதான். இதில் அம்மாவும் ஒரு தடவை தன் சளிக்காகப் போய் வந்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் அவளுக்கும் தகரம் அடிக்கலாம் போல இருந்தது.

"அம்மா, அதுல அம்பது வயசுக்கு மேல ஒரு ஆம்பளை, ரொம்ப நாளா இருமிக்கிட்டு இருக்கறவரு. அவருக்குப் பெரிய வியாதி. உடனே மாத்திரை ஆரம்பிக்கணும். யாரு அது?"

அம்மா எழுந்தாள். ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தாள். அங்கே வாசலில் பந்தல்காரர் அளவெடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

ஆய்வாளருக்குப் போன் செய்தேன். ஜீப் வந்தால் தெருவே பார்க்கும், முதலில் நீங்கள் போய்ப் பேசுங்கள் மேடம் என்றார்.

மறுநாள் காலையில் போனேன். மாமா கூடத்தில் உட்கார்ந்து, கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு வைத்துக் கொடுக்கிற சுங்குடிச் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இருமலை அடக்க ஆரம்பித்தார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு கையால் எனக்கு நாற்காலியைக் காட்டினார். இருமிவிடுங்கள் மாமா என்றேன். இருமி முடிக்க வெகுநேரம் ஆனது. ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தகரம் அடிப்பார்களா என்று கேட்டார். இதற்குத் தகரமே கிடையாது, மாத்திரைதான், மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும் என்றேன். அப்படியானால் கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். இன்றைக்கே ஆரம்பித்தால் கல்யாணத்துக்குள் மற்றவர்களுக்குத் தொற்றுவது வெகுவாகக் குறைய வாய்ப்பு இருக்கிறது, டாக்டர் பார்த்துச் சொல்வார், தள்ளிப்போட்டால் மேடையில் நிற்கவே தெம்பு இருக்காது என்றேன். சேலையின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

"மாப்ள வீட்டுக்கு ஒன் கம்ப்யூட்டர் காட்டிக் குடுத்துராதுல்ல பாப்பா?"

வாயால் சொல்லி யார் நம்பியிருக்கிறார்கள். பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து அவர் முன்னால் திறந்து வைத்தேன். மதுரை முழுக்கப் புள்ளி புள்ளியாக விரிந்தது. அவர் சேலையை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். விளாங்குடியைப் பெரிதாக்கி, சித்தி வீட்டின் மேல் குவிந்து கிடந்த புள்ளிகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினேன்.

"பேரு இல்லையே."

"பேரே கிடையாது மாமா. யாரு பேரும் கிடையாது."

அவர் முகம் தெளிந்தது. அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் இப்பிடியே இருமி இருமிப் போய்ச் சேந்துட்டாலும், இதுல பேரு வராது, என்ன?"

உள்ளறை வாசலில் நின்ற அவர் மனைவி சௌராஷ்டிரத்தில் ஏதோ அதட்டினாள். பாஷை தெரியாத எனக்கே அது புரிந்தது.

திரையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"வராது மாமா. புள்ளிதான் இருக்கும். அதுவும் எங்க சித்தி வீட்டுல."

அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பில் இருமல் வந்தது, இருமி முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சட்டையைப் போட்டார். எங்கே போக வேண்டும் என்று கேட்டார். ஆனையூரிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது என்றேன். தெருவில் இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்க, முகத்தில் கவசத்தோடு என் பக்கத்தில் நடந்து வந்தார்.

சீட்டு எழுதுகிற பெண் பெயர் கேட்டாள், தன் பெயரையே சொன்னார். விலாசம் கேட்டாள். அவர் ஒரு நிமிடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொந்த வீட்டு நம்பரையும் தெருவையும் சொல்லி, அவள் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து, சரியாக எழுதியிருக்கிறாளா என்று இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.