லட்சுமி படத்துக்கு அடியில்

வெள்ளிக்கிழமை காலை விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஆண்டிபட்டியிலிருந்து மரகதம் டீச்சரின் தங்கை போனில் அழைத்தார். "அக்கா போயிருச்சு" என்றார். அன்று விளக்கேற்றவில்லை.

தேவாரம் ஊர்ப் பள்ளியில் அவரிடம் ஓவியம் கற்ற உங்களுக்கு அவர் டீச்சர். எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்கு மாடியில் குடியிருந்தவர். மலையின் நடுவில் கதவு வைத்து வரைவார். "தாப்பா எங்க டீச்சர்?" என்று என் வீட்டுக்காரர் சீண்டினார். "உள்பக்கம் இருக்கு, போய்த் தேடுங்க" என்றார் டீச்சர்.

அதற்குப் பெயர் சர்ரியலிசமாம். அர்த்தம் கேட்டேன். "புத்தி சொன்னதக் கேட்டுத்தான போர்ல இம்புட்டுப் பேரு செத்தாகன்னு வெறுத்துப்போய் வெளிநாட்டுல ஆரம்பிச்சாக. பகல்ல வாயப் பொத்திக்கிட்டு இருக்குற மனசு கனவுல பேசுதுல்ல? அதுக்குக் காது குடுக்குறது ஆத்தா" என்றார். என் கனவுகளைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதச் சொன்னார்.

ஒன்றுதான் எழுதினேன். திராட்சைப் பந்தலில் குலைகளுக்குப் பதிலாக, காய்ச்சலில் போன என் மகளின் பள்ளிச் சீருடைகள் தொங்குகின்றன. எல்லாவற்றிலும் நீர் சொட்டுகிறது. அவளைக் காணோம்.

டீச்சர் அதை வரையத் தொடங்கினார். பாதியில் பார்த்துவிட்டுக் கத்தினேன். "எம்புள்ள துணிய ஊருக்குக் காட்டவா கேட்டீக? அது மேல சாமி படத்தப் போடுங்க."

"இன்னும் முடியல ஆத்தா. அவ வருவா."

"வேணாம்."

ஒரு மாதம் கழித்து அதே கேன்வாஸின் மேல் வரைந்த லட்சுமி படத்தோடு வந்தார். "அவள வரைஞ்சு முடிச்சிட்டுத்தான் மூடினேன். எங்கன நிக்கிறா, என்ன செய்யுறான்னு தோணும்போது கேளு, சொல்றேன்."

ஒன்பது வருடம் ஒரே வாசலில் புழங்கினோம். கேட்டால் உடைந்துவிடுவேன் என்று தள்ளிப் போட்டேன். போன ஆடியில், உடம்பு முடியாமல் தங்கை வீட்டுக்குக் கிளம்பியவர் ஆட்டோவில் ஏறாமல் நின்றார். "வேற ஏதும் கேக்கணுமா ஆத்தா?"

"மாத்திரைய நேரத்துக்குப் போடுங்க டீச்சர்" என்றேன்.

உங்களில் யாரிடமாவது அவர் சொல்லியிருக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சொல்லியிருக்க மாட்டார். ஒருவர் கனவை இன்னொருவரிடம் பேசாதவர்.

காரியத்துக்குப் போய் வந்து படத்தின் முன் உட்கார்ந்தேன். சுரண்டிப் பார்க்க நகம் படத்தின் கிட்டே வரை போனது. லட்சுமித் தாயாரின் மேல் கை வைக்கத் துணியவில்லை. கும்பிடவும் வரவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் படம்தான். இதற்குள் என் மகள் எங்கோ நிற்கிறாள். அவளைக் கடைசியாகப் பார்த்தவர் போய்விட்டார்.