யாரும் அடி வாங்காத காமெடி

அண்ணாமலை அண்ணன் போய்விட்டார். இன்று விடியற்காலை, புக்கிட் செந்தோசாவில் மகள் கலா வீட்டில்... அவள் இப்போதுதான் வாட்ஸ்அப் அனுப்பினாள்.

கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் தோட்டப் பள்ளியில் படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: நான் அங்கே ஆசிரியராக இருந்த காலமெல்லாம் கேண்டீன் நடத்தியவர்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் கேண்டீன் டிவியில் பழைய காமெடி கேசட் போடுவார். படம் சிரிக்க வைப்பதற்கு முன்பே அவர் சிரித்துவிடுவார். "இருங்க சார், இருங்க... இப்ப செவுள்லயே ஒண்ணு விழும் பாருங்க!"

விழும். மேசையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். அடுப்பில் பீசாங் கோரெங் கருகும்.

"அண்ணே, வாழைப்பழம் கரியாவுது!"

"கரியானத நீங்க சாப்பிடுங்க சார். உங்களுக்கு ஃப்ரீ லா!"

சிரிக்கவே தெரியாத எங்கள் தலைமையாசிரியர்கூட ஒருநாள் தேநீரை மூக்கில் ஏற்றிக்கொண்டார். படத்தைப் பார்த்து அல்ல, இவரைப் பார்த்து.

போன ஆண்டு ஸ்ட்ரோக். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறிக் குழறித் திரும்பியது... சிரிப்பு திரும்பவில்லை.

"சார், நீங்க வந்து ஒரு காமெடி போட்டுக் காட்டுங்களேன். அப்பா சிரிச்சு ரொம்ப நாளாச்சு," என்று கலா போனில் கேட்டாள். போன மாதம் போனேன்.

அவருக்கு மிகவும் பிடித்த காட்சியையே போட்டேன். படத்தில் முதலாளி வேலைக்காரன்மேல் கையை ஓங்கினார். அண்ணனின் இடது கை தன் கன்னத்தை மூடிக்கொண்டது.

"வேணாம் சார்... நிப்பாட்டுங்க. அவனுக்கு வலிக்கும்."

"நடிப்புதானே அண்ணே."

"வாங்கிக்கிட்டே இருக்கான் பாருங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்றாங்க."

வேறொன்று போட்டேன். அதில் மாமியார் மருமகனைத் துடைப்பத்தால் அடிக்கிறாள். இன்னொன்றில் திக்கிப் பேசுகிறவனைச் சுற்றி நின்று ஊரே சிரிக்கிறது... அதை நானே அவசரமாக அணைத்தேன்.

என் முகத்தைப் பார்த்து அவருக்குப் பாவமாகிவிட்டது. "நீங்க பாருங்க சார். நீங்க சிரிங்க. நான் உங்களப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

முயன்றேன். வரவில்லை.

"அடுத்த தடவ யாரும் அடி வாங்காதது ஒண்ணு கொண்டாறேண்ணே."

"அப்படி ஒண்ணு இருக்கா சார்?" உண்மையாகவே கேட்டார்.

தேடினேன். நாமெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்த படங்கள்தான். அறை, உதை, கறுப்பு, வழுக்கை... வகுப்பில் எதற்கும் உதாரணம் சொல்லிவிடுவேன். இதற்கு ஓர் உதாரணம் கிடைக்கவில்லை.

நேற்று ஒன்று கிடைத்தது. இரண்டு பேர் ஓர் அலமாரியை வாசல் வழியே நுழைக்கப் பார்க்கிறார்கள். நுழையவே இல்லை. அவ்வளவுதான். கடைசியில் யாராவது கை ஓங்கிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே முழுதும் பார்த்தேன்.

ஓங்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கு வந்திருக்குமா... தெரியவில்லை அண்ணே.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாக இருந்தேன்.

போய் வாங்க.