சாக்கு

கார்டன் ரீச்சில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸில் என் வங்காளத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. அப்பாவுக்கு அலுவலக இந்தியோடு சரி. அம்மாவுக்கு மீன்காரரிடம் விரலால் காட்டிக் கேட்கும் அளவுக்கு வரும். நானோ மூன்று வயதிலிருந்து அங்கேயே வளர்ந்தவள். டாக்டர், ரேஷன், கேஸ் ஏஜென்சி என்று எங்கே போனாலும் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தார் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். பத்து வயதில் எனக்கிருந்த கர்வம் அதற்கப்புறம் எந்தப் பரீட்சையில் தேறியபோதும் வந்ததில்லை.

எதிர்வீட்டு அக்காவோடு அவருடைய தம்பியும் இருந்தார். முப்பதை நெருங்கியவர். தாயார் இறந்தபின் திருநெல்வேலியிலிருந்து அக்கா அழைத்து வந்திருந்தார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்குமோ அதுதான் அவருக்கும் விளங்கும். யார் எது கேட்டாலும் முதலில் "ஆமா" என்பார். கேட்டவர் முகம் மலர்ந்தால் இவரும் சிரிப்பார். "அண்ணே, நேத்து நீங்க விமானம் ஓட்டுனீங்களா?" என்று கேட்டு, அவர் "ஆமா" என்றதும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்போம். கேள்வியைக் கண்டுபிடித்துக் கொடுப்பது பெரும்பாலும் நான்தான்.

அந்த வருடம் துர்கா பூஜை முடிந்து, பந்தல் மூங்கிலையும் துணியையும் பக்கத்துக் கொட்டகையில் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் அது தீப்பிடித்துக்கொண்டது. உள்ளே கண்ணயர்ந்திருந்த காவல்காரர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். தீ எரிந்தபோது, கையெல்லாம் கரியாக அண்ணன் அங்கே நின்றதைச் சிலர் பார்த்திருந்தார்கள். போலீஸ் வந்து அவரை அழைத்துப் போனது.

அப்பாவும் அக்காவின் வீட்டுக்காரரும் டியூட்டியில் வெளியூர் போயிருந்தார்கள். அக்கா எங்கள் வாசலுக்கு ஓடி வந்தார்.

"ஒங்க மகள அனுப்புங்கக்கா. அவன் பேசுதது அங்க ஒருத்தருக்கும் வெளங்காது."

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பள்ளிச் சீருடையைக்கூட நான் மாற்றவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அக்கா ஓயாமல் அழுததால் அவரையும் அம்மாவையும் வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, அதிகாரி என்னை மட்டும் உள்ளே அழைத்துப் போனார். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் கொப்புளம். என்னைப் பார்த்ததும் சிரித்தார். தீ வைத்தது யார் என்று கேட்கச் சொன்னார் அதிகாரி.

"அண்ணே, தீ யாரு வச்சது? நீங்களா?"

"ஆமா. வச்சேன். நான்தான் வச்சேன்." பிறகு இரண்டு கைகளாலும் எதையோ போர்த்துவதுபோல் காட்டினார். "சாக்கு வச்சேன். தண்ணிச் சாக்கு."

எனக்குப் புரிந்தது. சிலிண்டரில் தீப்பிடித்தால் ஈரச் சாக்கை மேலே போட வேண்டும் என்று எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருந்தார்கள். அக்கா அண்ணனுக்கும் அதைப் பழக்கியிருந்தார். அவர் தீயை அணைக்கப் போயிருக்கிறார்.

ஆனால் சாக்குக்கு வங்காளத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. வாக்குமூலம் எழுதுகிற போலீஸ்காரர் பேனாவோடு காத்திருந்தார். அதிகாரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தெரிந்ததை மட்டும் சொன்னேன். "நான்தான் வைத்தேன் என்கிறார்." அந்த வாக்கியம் வங்காளத்தில் அழகாக வந்தது.

"கீ ஷுந்தொர் பாங்ளா!" என்று அதிகாரி என் கன்னத்தைத் தட்டினார். இவ்வளவு அழகான வங்காளமா என்று அங்கிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"சரியாச் சொன்னேனா, பாப்பா?" என்று அண்ணன் கேட்டார்.

"சரியாச் சொன்னீங்கண்ணே," என்றேன்.

அவன் ஒத்துக்கொண்டான் என்று வராந்தாவில் இருந்தவர்களுக்கு அதிகாரியே இந்தியில் சொல்லிவிட்டார். அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "எதக் கேட்டாலும் ஆமாம்பானே அவன்" என்று தமிழில் கதறினார். அதை மொழிபெயர்க்கும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை சந்தையில் உருளைக்கிழங்குக்காரர் சாக்கை உதறிக்கொண்டிருந்தார். இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். "பொஸ்தா," என்றார். அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன் பத்து நிமிட நடை. நான் போகவில்லை. அதற்குள் அம்மா மூன்று வீடுகளில் என் வங்காளத்தைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது.

அன்று எழுதிய காகிதத்தோடுதான் எல்லாம் தொடங்கியது. நீதிபதி கேட்டபோதும் அண்ணன் ஆமா என்றார். அவருக்குத் தண்டனை விழுந்தது. ஏழு வருடங்கள் கழித்து மேல்கோர்ட்டில் ஒரு வக்கீல், டாக்டர்களை வைத்து அவர் நிலையை எடுத்துக்காட்டினார். கொட்டகைக்குத் திருட்டுத்தனமாகக் கொக்கி போட்டு இழுத்திருந்த மின்கம்பியைப் பற்றி யாரும் விசாரிக்கவே இல்லை என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. அண்ணனை விடுவித்தார்கள். அதில் என் பங்கு எதுவுமில்லை.

நாங்கள் அப்போது பெஹாலாவுக்குக் குடிபோயிருந்தோம். அக்கா அவரை அழைத்துக்கொண்டு பார்க்க வந்தார். அண்ணனுக்கு முன்தலை நரைத்திருந்தது. யார் அறைக்குள் வந்தாலும் எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீ மட்டும் வரலேன்னா, அவன் பேச்சக் கேக்க ஒரு ஆளில்லாமப் போயிருக்கும். அவன் என்னதான் சொன்னான், கண்ணு?"

"ஞாபகமில்லக்கா," என்றேன்.

இதை எழுத உட்காரும்போதெல்லாம், பத்து வயதில் என்ன தெரியும் என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவ்வளவு பெரிய மனிதர்கள் தன்னிடம் இன்னொரு தரம் கேட்காமலா இருந்துவிடுவார்கள் என்று அந்தச் சிறுமி நம்பியிருந்தாள். அவர்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டது அக்கா ஒருவர்தான். அப்போது எனக்குப் பதினேழு முடிந்திருந்தது.