முன்னால் வைத்த ஓர் எட்டு

ஞாயிற்றுக்கிழமை மில்லிக்கனில் எங்கள் வீட்டில் மகளும் நானும் அமெரிக்கன் ஃபுட்போல் பார்த்துக்கொண்டிருந்தோம். பந்து கைமாறி ஆட்டம் தொடங்குமுன் ஓடுபவன் முன்னுக்குப் போகக்கூடாது, பக்கவாட்டில்தான் ஓடலாம். ஒருவன் ஓர் எட்டு முன்னால் வைத்துவிட்டான். பிழை என்று நடுவர் மஞ்சள் கொடியை எறிந்தார். அந்த ஓட்டத்தில் அவனுடைய அணி எடுத்த புள்ளிகள் போயின. கனடிய ஆட்டத்தில் முன்னுக்கே ஓடி வரலாம். அதைப் பார்த்துப் பழகிய எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உவன் போன வருசமும் உப்பிடித்தானே ஓடினவன்! அப்ப நடுவருக்குக் கண்ணில்லையோ?”

“ரூல் பழசுதான் அப்பா. இப்பதான் ஸ்ட்ரிக்டாப் பாக்கினம்.”

அடுத்த முறை அவன் பயத்தில் மரம்போல நின்று, எல்லோரும் ஓடிய பிறகே புறப்பட்டான். பாவமாக இருந்தது.

பிறகு மகள் காரோட்ட, யூனியன்வில்லுக்குப் போனோம். ஸ்டொப் சைனில் முழுதாக நிற்கவில்லை என்று முதல் ரோட் டெஸ்டில் அவளை ஃபெயிலாக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து வெறும் சந்தியிலும் அசையாமல் நிற்பாள். நான் “போ, போ” என்று அரியண்டம் கொடுப்பேன். அன்றும் நின்றாள். வாயைத் திறக்கப்போனேன், அந்த ஆட்டக்காரனின் முகம் நினைவில் வந்தது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன்.

“பொறு ஐசே! பிள்ளை நிண்டிட்டுப் போகட்டும்!”