பத்து மீட்டருக்குள்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. ஆனால் இதில் ஒரு வரிகூட நான் சேர்த்தது கிடையாது. நடந்தது எனக்கல்ல, நிமியாவுக்கு. எல்லை ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர் என்கார்னசியோனில் எனக்கு அடுத்த வீடு. உடைந்து கூடிய கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்து நடக்க வைப்பது அவள் தொழில். எலும்பையும் தசையையும் தவிர வேறு எதையும் நம்பாதவள். அப்பேர்ப்பட்டவள் இதைச் சொல்ல வந்தபோது, முதலில் எழுந்து போய் ஆற்றைப் பார்த்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

டெர்லிஸுக்கு அவள் இரண்டாவது மனைவி. படகு எஞ்சின் விற்கிறவன். ஆள் லட்சணமாக இருப்பான், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். முதல் மனைவி சுனில்தா வேறொருவனோடு ஸ்பெயினுக்கு ஓடிவிட்டாள் என்று ஊருக்கே சொல்லியிருந்தான். எங்கள் பக்கம் ஸ்பெயினுக்கு ஆள் போகாத வீடு ஏது? யாரும் கிளறவில்லை.

கல்யாணப் பரிசுகளோடு அந்த ஸ்மார்ட் வாட்ச்சும் வந்திருந்தது. பெட்டியில் பெயர் இல்லை. யாராவது வாடிக்கையாளர் கொடுத்திருப்பார் என்றான் டெர்லிஸ். நிமியா அதைத் தன் போனோடு இணைத்துக் கையில் கட்டிக்கொண்டாள். ஊரில் இருந்தவரை அது ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை.

ஜூலையில், எங்கள் பக்கத்துக் குளிர்கால விடுமுறைக்கு, இருவரும் காரில் கிளம்பினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினா. அங்கிருந்து தெற்கே, பெரிய சதுப்பு ஏரிகள் இருக்கும் இடம். பாலத்தின் நடுவில் போகும்போது வாட்ச் ஒருமுறை அதிர்ந்தது. போனோடு இருந்த இணைப்பு அறுந்துவிட்டது.

அப்போதெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனால் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் கூடும். அக்கரை ஊரான போசாடாஸில் இறங்கியதும் போன் புது நேரத்துக்கு மாறிக்கொண்டது. வாட்ச் மாறவில்லை.

"ஆத்தைத் தாண்டி வர அதுக்கு மனசில்ல போல," என்று டெர்லிஸ் சிரித்தான்.

நிமியாவும் சிரித்தாள். சிம் வேறு நாட்டுக்கு வந்ததால் ஏதோ குழப்பம் என்றுதான் நினைத்தாள்.

தங்கிய இடம் ஏரிக்கரையில் கட்டைக் கால்கள் மேல் நின்ற ஒரு மரவீடு. நடத்துகிறவள் ரமோனா என்ற விதவை. அவர்களுக்கு அறையைத் திறந்துவிட்டு, அடுப்புக்கு விறகு போட்டுவிட்டுப் போனாள். டெர்லிஸ் மாத்தே என்ற இலைத் தேநீர் தயாரிக்க உட்கார்ந்தான். நிமியா வாட்ச்சைப் பழுது பார்க்க உட்கார்ந்தாள்.

ப்ளூடூத்தை அணைத்துப் போட்டாள். போனை விமானப் பயணத்துக்கான நிலையில் வைத்து எடுத்தாள். ரோமிங்கை மாற்றிப் பார்த்தாள். பழைய இணைப்பை அழித்தாள். கடைசியில் வாட்ச்சையே மொத்தமாகத் துடைத்து, புதிதாக வாங்கியது போல ஆக்கித் திரும்ப உயிர்ப்பித்தாள்.

திரை இருட்டாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்ன அதிர்வு.

'இணைக்கப்பட்டது: சுனி.'

"சுனியா? அது யாரு போனு?" என்று வாய்விட்டுக் கேட்டாள்.

டெர்லிஸ் கெட்டிலைச் சாய்த்துக்கொண்டிருந்தான். கொதிநீர் மாத்தே குடுவையில் விழவில்லை. அவன் விரல்கள் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

"பக்கத்து ரூம்ல யாராவது இருப்பாங்க," என்றான் பிறகு. "அதை அணைச்சு வை."

அவன் குரலைக் கேட்ட பிறகுதான் அந்தப் பெயர் அவளுக்கு உறைத்தது. சுனி... சுனில்தா.

காலையில் ரொட்டி கொண்டு வந்த ரமோனாவிடம் பக்கத்து அறையில் யார் என்று விசாரித்தாள். குளிர் காலத்தில் யார் வருவார்கள், இந்த வாரம் முழுக்க நீங்கள் இருவர்தான் என்றாள் ரமோனா. நிமியா மனதைத் தேற்றிக்கொண்டாள். முன்பு தங்கிய யாரோ போனை மறந்து போட்டுவிட்டுப் போயிருக்கலாம். உலகத்தில் சுனி என்று ஒருத்திதானா? போனும் வாட்ச்சும் பேசிக்கொள்ள இடையில் பத்து மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படியானால் அந்தப் போன் இந்த வீட்டில்தான் எங்கோ கிடக்கிறது. ஏரிக்குப் போய்விட்டால் இணைப்பு தானாக அறுந்துவிடும்.

அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள்.

படகுக்காரர் கிரெசென்சியோ பெரியவர். ஏரி நடுவில் எஞ்சினை அணைத்தார். ஒரு மேட்டில் முதலைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. கரை எங்கோ ஒரு கோடாகத் தெரிந்தது. அவளும் டெர்லிஸும் கிரெசென்சியோவும்தான். வேறு ஈ காக்கை இல்லை.

நிமியா மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

'இணைக்கப்பட்டது: சுனி.'

அவள் கிரெசென்சியோவிடம் போன் வைத்திருக்கிறாரா என்று கேட்டாள். தண்ணீரில் விழுந்தால் யார் எடுப்பது, வீட்டில்தான் இருக்கிறது என்றார் அவர். அவள் படகின் ஓரத்தை எட்டிப் பார்த்தாள். கறுப்புத் தேநீர் போல் தெளிந்த தண்ணீர். அடியில் பாசி ஆடியது.

பத்து மீட்டருக்குள்...

அப்போது வாட்ச் அதிர்ந்தது. ஒரு செய்தி. அதை வாய்விட்டுப் படித்தாள். ஏன் வாய்விட்டுப் படித்தேன் என்று இன்றும் தெரியவில்லை என்கிறாள்.

"என் இடது கால் செருப்பு எங்கேன்னு டெர்லிஸ்கிட்ட கேளு."

டெர்லிஸ் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது.

"தம்பி, உக்காருங்க," என்றார் கிரெசென்சியோ. "முதலைக்கு இன்னும் சாப்பாட்டு நேரம் வரல."

அவன் உட்கார்ந்தான். யாரோ வேண்டாதவன் எஞ்சின் கடையிலிருந்து விளையாடுகிறான் என்று முணுமுணுத்தான். கரை வரும்வரை அவளை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. ஆறு மாதமாக ஒரே கட்டிலில் படுத்தவன்தான். அந்தக் கண்ணை மட்டும் அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

மதியச் சாப்பாடு முடிந்தது. எங்கள் பக்கம் அந்த நேரத்தில் ஊரே உறங்கும். நாய்கூடக் குரைக்காது. ரமோனா கதவைச் சாத்திக்கொண்டாள். கிரெசென்சியோ தன் வீட்டுக்குப் போய்விட்டார். டெர்லிஸ் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தான். நிமியா ஓசையில்லாமல் வெளியே வந்து படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்தாள்.

இணைப்பை மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது.

அதில் 'போனைத் தேடு' என்று ஒரு வசதி உண்டு. வீட்டில் போனை எங்காவது வைத்துவிட்டால் அதை அழுத்துவாள். போன் எங்கிருந்தாலும் மணியடிக்கும்.

அழுத்தினாள்.

மணி அடித்தது.

அவர்கள் அறைக்குள்ளிருந்து.

மெல்லிய, பழைய காலத்து மணி. தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல அமுங்கிய சத்தம். அவள் ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். டெர்லிஸ் பைகளைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தான். மெத்தை தரையில் கிடந்தது.

"நிறுத்து," என்றான்.

அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள். திரையைக் காட்டினாள். மணி நிற்கவில்லை. தரைப் பலகைக்கு அடியில் கேட்டது. அவன் அங்கே குனிந்தான். சுவருக்குப் போனது. அவன் சுவரில் காதை வைத்தான். பிறகு அவன் முதுகுக்குப் பின்னால்... மிகப் பக்கத்தில்...

அவன் திரும்பி நிமியாவின் கழுத்தைப் பிடித்தான்.

"எவ குடுத்தா உனக்கு இதை? செருப்பை எரிச்சாச்சு. போனை அவகூடவே சேத்துக் கட்டி ஆத்துல இறக்கியாச்சு. எவடி குடுத்தா?"

சொன்னது என்ன என்று அவனுக்கே அப்புறம்தான் புரிந்தது போலிருக்கிறது. சொன்ன பிறகு பிடியைத் தளர்த்தவில்லை. இறுக்கினான். சொன்னதைக் கேட்டுவிட்ட காது ஒன்று உலகத்தில் இருக்கக் கூடாது என்பது போல் இறுக்கினான். நிமியாவுக்குக் கண் இருண்டது. அவன் கட்டைவிரலைப் பிடித்து, எந்த மூட்டை எந்தப் பக்கம் வளைக்க வேண்டுமோ அந்தப் பக்கம் வளைத்தாள். அவன் அலறிக்கொண்டு விட்டான். அவள் கையிலிருந்த வாட்ச்சைப் பிய்த்துக்கொண்டு துறைக்கு ஓடினான்.

அவள் இருமிக்கொண்டே பின்னால் போனாள். ஓடி ரமோனாவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அவன் பலகையின் நுனியில் நின்று வாட்ச்சை ஏரிக்குள் வீசினான். அது விழுந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். வட்டம் வட்டமாக அலை பரவியது.

மணி நின்றது.

டெர்லிஸ் மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பினான். சிரித்தான். அதே பழைய சிரிப்பு.

"நிமி... வா இங்க. ஏதோ கோவத்துல உளறிட்டேன்."

கையை நீட்டினான்.

இடது கை.

மணிக்கட்டில் வாட்ச் இருந்தது.

ஈரம் சொட்டியது. பட்டை சதைக்குள் பதிந்திருந்தது. அவன் குனிந்து பார்த்தான். வலது கையால் பிய்த்தான். நகத்தால் கீறினான். பல்லால் கடித்தான்.

பட்டை இறுகியது.

அவன் இடது கை தானாகக் கீழே போனது. தண்ணீரைப் பார்த்து. சின்னப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவது போல. அவன் மண்டியிட்டான். பலகையில் கவிழ்ந்தான். முழங்கைவரை தண்ணீருக்குள் போயிற்று.

தண்ணீர் நிறம் மாறியது.

தெளிந்த ஏரித் தண்ணீரில்... செக்கச் செவேலென்று மண் கலங்கி வந்தது. எங்கள் பரானா ஆற்று மண்.

"பிடி," என்றான். "நிமி, பிடி!"

பிடித்தாள். எப்படிப்பட்டவனானாலும் மனிதன். அவன் வலது கையை இரண்டு கையாலும் பிடித்தாள். காலைப் பலகையில் முட்டுக் கொடுத்து இழுத்தாள். மறுபக்கம் இழுத்தது கனமாக இருந்தது. அவசரமே இல்லாமல் இழுத்தது.

ஒரு நொடி அவன் இடது மணிக்கட்டு தண்ணீருக்கு மேலே வந்தது.

திரை எரிந்தது.

ஒரே ஒரு சொல்.

'விடு.'

நிமியா அவன் முகத்தைப் பார்த்தாள். தன் கழுத்தில் எரிந்த விரல் தடத்தை நினைத்தாள். பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒருத்தி, காலில் ஒற்றைச் செருப்போடு ஆற்றுக்கடியில் கிடப்பதை நினைத்தாள்.

விட்டாள்.

சத்தமே இல்லை. ஒரு கல் விழுந்தாலாவது 'பொளக்' என்றிருக்கும்.

என்னிடம் இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. "வழுக்கல. நானா விட்டேன்," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை கிரெசென்சியோதான் உடலைப் பார்த்தார். துறைக்குப் பக்கத்திலேயே, முழங்கால் அளவுத் தண்ணீரில். தவறி விழுந்தான் என்று எழுதிக்கொண்டார்கள். இடது மணிக்கட்டைச் சுற்றி ஒரு கறுத்த வளையம் இருந்தது. வாட்ச் இல்லை. துறையடியில் தேடியும் கிடைக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் டெர்லிஸ் வாயால் சொன்னதைப் போலீஸில் சொன்னாள். புருஷன் செத்த அதிர்ச்சி என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கோடையில் மழை பொய்த்தது. ஆறு உள்வாங்கியது. அணை கட்டியபோது நீருக்குள் போயிருந்த பழைய ஊரின் செங்கல் சுவர்கள் வெளியே தெரிந்தன. அதில் ஒரு சுவரடியில், எஞ்சின் சங்கிலியால் கட்டிய எலும்புக்கூடு ஒன்றை மீன்பிடிக்கிறவர்கள் கண்டார்கள். பல்லை வைத்து அது சுனில்தாதான் என்று உறுதி செய்தார்கள். எப்படியும் மூன்று வருடமாக அங்கேயே, ஆடாமல் அசையாமல் மண்ணுக்குள் இருந்திருக்கிறாள் என்றார் மருத்துவர்.

விசாரணை அதிகாரி பெனிக்னா என்ற பெண்மணி. நிமியாவை அலுவலகத்துக்கு அழைத்தார். மேசை மேல் ஒரு தட்டு இருந்தது, துணி போட்டு மூடி.

"சுனில்தாவை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். பாத்ததே இல்ல."

"பேசினது?"

"இல்ல."

பெனிக்னா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, எலும்புக்கூட்டின் கை எலும்பில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தது என்றார். சேறு கழுவி, ஏதாவது தெரியுமா என்று சார்ஜ் போட்டுப் பார்த்தார்களாம். உயிர் வந்துவிட்டதாம். எந்தப் போனோடும் இணையாமல் நாலு நாளாகச் சும்மா கிடந்ததாம்.

"நீங்க உள்ள வந்ததும் அதிர்ந்துச்சு," என்றார்.

துணியை விலக்கினார். ஏரிக்குள் போன அதே வாட்ச்.

நிமியாவின் கைப்பைக்குள் இருந்த போனை அவள் வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எந்த வாட்ச்சோடும் அதை அவள் இணைத்ததில்லை. அந்தப் போனின் ப்ளூடூத்தை ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

திரையில் எழுத்து தெளிவாக இருந்தது.

'இணைக்கப்பட்டது: நிமியா.'