இடைவேளைச் சாப்பாட்டில் தோற்ற அணி

டென்மார்க்கின் ஸ்கீவ நகரத்தில் தமிழருக்கென்று ஒரு கிரிக்கெட் அணி இருந்தது என்றால் இப்போதைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இருந்தது. லீக்கின் கடைசிப் பிரிவில், அதிலும் கடைசி இடத்தில் இருந்தது. அதன் வரலாற்றைக் கேட்டால் ஆண்கள் பந்து கூரைக்கு மேலால் பறந்த கதையைத்தான் சொல்வார்கள். எந்தக் கூரை என்று கேட்டால் ஆளுக்கொரு கூரையைச் சொல்வார்கள். அதனால் நான் எழுதுகிறேன். சமைத்துப் போட்டவளுக்குத் தெரியாத வரலாறா?

என் கணவர்தான் அணித்தலைவர். வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு நிற்பவர், சனிக்கிழமை மைதானத்தில்தான் வாய் திறந்து கதைப்பார். அந்தக் கோடையில் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. வேலை கிடைத்துச் சிலர் ஓல்போர்க்குக்கும் ஹேர்னிங்குக்கும் போய்விட, மிச்சப் பேருக்கும் அலுத்துவிட்டது. கடைசி ஆட்டத்திலும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதென்று பேசி முடித்தார்கள். அன்று இரவு இவர் சோற்றுக் கோப்பையில் கை வைக்கவில்லை.

“இது போச்செண்டால் எனக்கு இஞ்சை ஆரப்பா இருக்கினம்?”

“ஏன், நான் மனுசி இல்லையோ?” என்று சீறினேன். ஆனால் அவர் கேட்டது எனக்கு விளங்கியது. பாவமாக இருந்தது.

இடைவேளையில் இரண்டு அணிக்கும் சாப்பாடு போடுவது சொந்த மைதானத்துக்காரரின் பொறுப்பு. டேனிஷ்காரர் கறுத்த பாணில் ஈரல் விழுதைப் பூசித் தருவார்கள். எங்கள் ஆட்கள் அரை வயிற்றோடு திரும்பி வந்து புறுபுறுப்பார்கள். கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில்; வந்தவர்களுக்கு அப்படிப் போடலாமா? சோறு, ஆட்டிறைச்சிக் கறி, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பாயசம் எல்லாம் சமைத்தேன்.

அன்று எங்கள் ஆட்கள் முதலில் துடுப்பெடுத்தாடி, கண் படும் அளவுக்கு ஓட்டங்கள் எடுத்தார்கள். பிறகு சாப்பாடு. வந்தவர்கள் உறைப்புக்குப் பயந்து கொஞ்சமாக ருசி பார்த்துவிட்டு, தாங்கள் கொண்டுவந்த பாணைச் சாப்பிட்டார்கள். எங்கள் ஆட்களோ வென்றுவிட்டோம் என்ற நினைப்பில், “அக்கா, இன்னும் ரெண்டு துண்டு போடுங்கோ” என்று வரிசையில் வந்தார்கள்.

பிறகு களத்தடுப்பு. கோதாரி! பந்து பக்கத்தால் உருண்டு போகிறது, இவர்கள் அதைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்கள். குனிய ஒருவருக்கும் ஏலவில்லை. தோற்றோம்.

நான் சட்டி கழுவ, பக்கத்தில் இவர் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு வென்ற அணியின் தலைவர் வந்தார். பக்கத்து ஊர்க்காரர், நெட்டையான மனிதர். தங்களுக்கும் ஆள் போதாது, அடுத்த வருடம் எல்லோரும் தங்களோடு சேர்ந்து விளையாடுங்கள் என்று டேனிஷில் ஆறுதலாகச் சொன்னார். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறோம் என்றார். அந்த மனிதர் அதை நம்பித் தலையாட்டினார். பெண் பார்க்கப் போன வீட்டில் யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியும். அகப்பையோடு இடையில் போய் நின்றேன். டேனிஷ் கேட்டால் ஓரளவு விளங்கும், ஆனால் அப்போது என் வாயில் வந்தது ஓம் என்கிற ‘யா’வும் நன்றி என்கிற ‘தக்’கும்தான். இரண்டையும் சத்தமாகச் சொன்னேன். இவர் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

முழங்கால் கைவிடும்வரை இவர் அவர்களுடைய கழகத்தில்தான் விளையாடினார். ஆட்டம் முடிந்த பிறகே சோறு என்று அங்கே நான் சட்டம் போட்டேன்.

போன கோடையில் பழைய அணிகளைப் பற்றிக் கதைக்கக் கழகத்தில் இவரைக் கூப்பிட்டார்கள். கூரை, பந்து எல்லாம் வந்தது. எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசி ஆட்டத்துக்கு வந்ததும் என் பக்கம் திரும்பி, அத்தனை டேனிஷ்காரருக்கும் முன்னால் தமிழில் சொன்னார்:

“இஞ்சேருமப்பா, நீர் அண்டைக்கு ஓம் எண்டு சொல்லாட்டி நான் இஞ்சை தனிச்சுப் போயிருப்பன்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த அந்த நெட்டை மனிதர், இப்போது தலை நரைத்தவர், இவர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார்.

“சோறு ஆறுதாம்,” என்றேன் டேனிஷில். “எல்லாரையும் சாப்பிட வரட்டாம்.”